நாற்பதாயிரத்துக்கு வந்த கன்சோல்: ஒரு மதுரை வீட்டின் பத்து மாதக் கணக்கு

இது என் அக்கா வீட்டில் நடந்தது. பெயரும் தெருவும் எழுதப்போவதில்லை. எழுதிக்கொள் என்று அக்காவும் மச்சானும் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன். கன்சோல், அதாவது டிவியில் மாட்டி ஆடும் வீடியோ கேம் மிசின், எந்தக் கம்பெனி என்பதையும் விட்டுவிடுகிறேன், நடந்தது எதற்கும் கம்பெனியைக் குற்றம் சொல்ல முடியாது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம் என்று தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். பிள்ளைகளுக்குத் தாய்மாமன் வேறு. அதனால் என்னை நடுவராக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பின்னணி

வீட்டில் ஐந்து பேர். மச்சானுக்குக் கீழமாசி வீதியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதும் வேலை. அக்கா ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. பையன் அப்போது எட்டாவது, பொண்ணு ஐந்தாவது. அப்புறம் மச்சானுடைய அம்மா, பிள்ளைகளுக்கு அப்பத்தா. இரண்டு சம்பளமும் சேர்த்து மாதம் ஐம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல், சொந்த வீடு, எல்லாச் செலவும் போக மாதம் நாலாயிரம் ஐயாயிரம் மிஞ்சும், அது ஒரு சீட்டுக்குப் போய்விடும்.

2024 கோடையில் தெருமுனையில் ஒரு கேமிங் கடை திறந்தார்கள். மணிக்கு 80 ரூபாய். பையன் சனி ஞாயிறு இரண்டு நாளும் சேர்த்து நாலு மணி நேரம் அங்கே போய் உட்கார ஆரம்பித்தான். மச்சான் ஒருநாள் ராத்திரி சாப்பாட்டுக்கு நடுவில் வாயாலேயே கணக்குப் போட்டார். வாரத்துக்கு 320, வருசத்துக்கு எப்படியும் பதினைந்தாயிரம், மூணு வருசத்தில் நாற்பத்தைந்தாயிரம். "மாப்ள, அந்தக் காசுக்கு மிசினையே வாங்கி வீட்ல வச்சிரலாம்ல, பயலும் கண் முன்னாடி இருப்பான்" என்றார். எனக்கும் சரி என்றுதான் பட்டது.

அந்தக் கணக்கில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. கடைக்காரர் கேட்கும் 80 ரூபாய்க்குள் அவருடைய கன்சோல் மட்டுமா இருக்கிறது? டிவி, கரண்டு, நெட், ஆட்டங்கள், ஏசி, உடைந்த கன்ட்ரோலருக்கு (கையில் பிடித்து ஆடும் கருவி) புதுசு, அவர் வாடகை, எல்லாம் அதற்குள்தான். இவ்வளவும் அடங்கிய ஒரு மணி நேரத்தை வெறும் பெட்டியின் விலையோடு வைத்து எடைபோட்டுவிட்டோம்.

எதை வாங்குவது

அப்போது முன்னால் இருந்தவை இவை. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2 அன்று வந்தபோது டிஸ்க் மாடல் (ஆட்டத்தைத் தட்டாகப் போட்டு ஆடுவது) 49,990, டிஜிட்டல் மாடல் (டவுன்லோடு மட்டும்) 39,990. பிறகு விலை ஏறி, 2024 ஏப்ரலில் அதன் ஸ்லிம் மாடல் வந்தபோது 54,990, 44,990 என்று இருந்தது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 2020 நவம்பரில் 34,990-க்கு வந்தது, அதில் டிஸ்க் போடும் வசதியே கிடையாது. நின்டெண்டோ ஸ்விட்ச் சின்னப் பிள்ளைகளுக்குப் பொருத்தம் என்று நான்தான் சொன்னேன், ஆனால் கம்பெனி அதை இந்தியாவில் முறையாக விற்பனைக்கு விடவே இல்லை. சென்னை பர்மா பஜார் மாதிரி இடங்களில் இறக்குமதிச் சரக்கு கிடைக்கும், வாரண்டி கிடைக்காது. பழைய கன்சோல் வாங்குவதையும் அக்கா ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாள்.

கடைசியில் எடுத்த முடிவு டிஸ்க் இல்லாத டிஜிட்டல் மாடல். காரணம் விலை ஒன்றுதான். பத்தாயிரம் மிச்சம், எல்லாமே டவுன்லோடுதானே, டிஸ்க்கை வைத்துக்கொண்டு யார் கீறல் விழாமல் காப்பாற்றுவது என்று பேசிக்கொண்டோம். டிஸ்க் இருந்தால் கூட்டாளிகளோடு மாற்றிக்கொள்ளலாம், விளையாடி முடித்ததை விற்கலாம், பழசாகப் பாதி விலைக்கு வாங்கலாம். டிஜிட்டலில் இது எதுவும் நடக்காது. கம்பெனியின் கடை என்ன விலை சொல்கிறதோ அதுதான் விலை, தள்ளுபடி வரும்வரை காத்திருப்பது மட்டும்தான் நம் கையில். இந்தப் பேச்சை அன்று யாரும் எடுக்கவில்லை. ஆன்லைனில் கூட்டாளிகளோடு ஆடச் சந்தா என்று ஒன்று உண்டு, அதன் விலையும் ஏறும் என்பதையும் பார்க்கவில்லை. ஒரு உதாரணத்துக்கு, பிளேஸ்டேஷன் பிளஸ் எசென்ஷியல் ஆண்டுச் சந்தா 2022-ல் 2,999 ரூபாயாக இருந்தது, 2023 செப்டம்பரில் 3,949 ஆனது.

தீபாவளி அக்டோபர் 31. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, 25-ம் தேதி, மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். அன்றைக்குக் கடைக்குப் போவதாக இருந்தது நின்றுபோய், ஞாயிற்றுக்கிழமை தீபாவளிக் கூட்டத்தில் டவுன்ஹால் ரோட்டுக்கு நெருக்கியடித்துக்கொண்டு போய் வாங்கினோம். பண்டிகைத் தள்ளுபடி போக 40,000. மச்சானின் கிரெடிட் கார்டில் ஒன்பது மாத "வட்டியில்லா" இஎம்ஐ. வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் கொடுப்பார்கள், அது உண்மை, ஆனால் அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் நம் தலையில்தான். சுமார் 650 ரூபாய். சின்னத் தொகைதான், முதல் துளி அது.

கடையிலேயே இன்னொன்று நடந்தது. "உங்க ஏரியால வோல்டேஜ் எப்படி சார்?" என்று விற்பனையாளர் கேட்டார். மச்சான் பயந்துபோய் 2,600 ரூபாய்க்கு ஒரு ஸ்டெபிலைசரும் எடுத்துக்கொண்டார். இந்த வகை மிசின்களின் பவர் சப்ளை வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தை நன்றாகவே தாங்கும், ஒரு ஸ்பைக் பஸ்டர் போதும். எனக்கு அது அப்போது தெரியாது. தெரிந்த மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

முதல் ஒரு மாதம்

பெட்டிக்குள் கன்ட்ரோலர் ஒன்றுதான். பிள்ளைகள் இரண்டு. மூன்றாம் நாளே அடிதடி. தாய்மாமன் எதற்கு இருக்கிறேன்? 5,800 கொடுத்து இரண்டாவது கன்ட்ரோலர் வாங்கிப் போட்டேன். இரண்டையும் சார்ஜ் போட ஒரு ஸ்டாண்டு, நீளமான கேபிள், இன்னொரு 1,100. இது அப்பத்தாவின் சுருக்குப்பையிலிருந்து.

ஆட்டங்கள் தனி. கால்பந்து, கிரிக்கெட், கார் ரேஸ், பொண்ணுக்காக வீடு கட்டும் ஆட்டம் ஒன்று. பெரிய ஆட்டங்கள் வெளிவந்த புதிதில் நாலாயிரம் ஐயாயிரம் விற்கும். இரண்டைத் தள்ளுபடியில் பிடித்தார்கள், இரண்டை அவசரப்பட்டு முழு விலைக்கு. நாலும் சேர்த்து 13,400, எல்லாம் அக்காவின் கார்டில். இவற்றில் கிரிக்கெட்டையும் கார் ரேஸையும் பத்து மணி நேரம்கூட ஆடவில்லை, அந்தக் கணக்கைக் கன்சோலே காட்டுகிறது.

ஆன்லைனில் கூட்டாளிகளோடு ஆட மாதச் சந்தா, 499. வருடச் சந்தாவாகக் கட்டினால் நாலாயிரத்துக்குள் முடிந்துவிடும் என்று திரையிலேயே போட்டிருந்தது. ஆனால் நாலாயிரத்தை ஒரே நாளில் கட்ட யாருக்கும் மனசு வரவில்லை, 499 என்றால் வலிக்கவில்லை. இதில் ஒரு கூத்து என்னவென்றால், பையன் கூட்டாளிகளோடு தினமும் ஆடியது ஒரு இலவச ஆட்டம். இலவச ஆட்டங்களை ஆன்லைனில் ஆட இந்தச் சந்தா தேவையே இல்லை. இதை நான் கண்டுபிடித்தது ஏழு மாதம் கழித்து.

அடுத்து நெட். வீட்டில் இருந்தது 30 எம்பிபிஎஸ் இணைப்பு. ஒரு பெரிய ஆட்டம் 100 ஜிபி என்றால் அந்த வேகத்தில் இறங்க ஏழரை மணி நேரம். அந்த ஏழரை மணி நேரமும் அக்கா போனில் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். டிசம்பரில் 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினார்கள், வரியோடு மாதம் 354 கூடுதல். பெரிய ஆட்டம் வருடத்துக்கு நாலு முறை இறக்குவதற்கு மாதாமாதம் கூடுதல் பணம். ராத்திரி படுக்கும்போது டவுன்லோடு போட்டுவிட்டுத் தூங்கியிருந்தால் காலையில் தயாராக இருந்திருக்கும்.

இடமும் போதவில்லை. கன்சோல் பெட்டியில் போட்டிருக்கும் ஜிபி வேறு, நமக்குக் கிடைப்பது வேறு: முதல் பிளேஸ்டேஷன் 5-ல் 825 என்று போட்டிருக்கும், ஆட்டங்களுக்கு மிஞ்சுவது 667, சீரிஸ் எஸ்-ல் 512-க்கு 364. இதற்கும் நானே முன்வந்து 4,300 ரூபாய்க்கு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுத்தேன். மாட்டிய பிறகுதான் தெரிந்தது, புதுத் தலைமுறை ஆட்டங்களை அதில் தூக்கி வைக்கலாம், அதிலிருந்து ஓட்ட முடியாது. அது இப்போது என் வீட்டில் கல்யாண வீடியோக்களைச் சுமந்துகொண்டிருக்கிறது.

தை மாதம், டிவி

வீட்டில் இருந்தது 32 அங்குல டிவி, எட்டு வருசப் பழசு, ஹெச்டி ரெடி. ஹெச்டிஎம்ஐ இருந்ததால் கன்சோல் அதில் ஓடியது, படமும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பையன் இரண்டு புகார் வைத்தான். ஒன்று, 4கே கன்சோலை இதில் ஆடுவது வேஸ்ட். இரண்டாவது, பட்டனை அமுக்கினால் திரையில் லேட்டாக நடக்கிறது. இரண்டாவது புகாரில் உண்மை இருந்தது, நானே ஆடிப் பார்த்தேன். பொங்கல் தள்ளுபடியில் 43 அங்குல 4கே டிவி, 27,500, மறுபடியும் மச்சான் கார்டு, மறுபடியும் இஎம்ஐ.

புது டிவி ஹாலில் ஏறியது. ஹாலில் ராத்திரி ஏழு முதல் பத்து வரை யார் ராஜ்ஜியம் என்று சொல்லத் தேவையில்லை. அப்பத்தா விட்டுக்கொடுக்கவில்லை, விட்டுக்கொடுக்கவும் கூடாது. சீரியல் இல்லாத நேரத்தில் பையன் ஆடினால் அந்தத் துப்பாக்கிச் சத்தம் அவருக்குத் தலைவலி. அதற்கு 2,300 ரூபாய்க்கு ஹெட்செட் வாங்கினார்கள், தலைவலி போகட்டும் என்று அப்பத்தாவே காசு கொடுத்தார். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டவன் இன்னும் சத்தமாகக் கத்தினான்.

மார்ச்சில் அக்கா ஒரு முடிவு எடுத்தாள். கன்சோல் பழைய 32 அங்குல டிவியோடு படுக்கையறைக்குப் போகும், புது டிவி ஹாலிலேயே இருக்கும். அதாவது கன்சோலுக்காக வாங்கிய 4கே டிவியில் அப்பத்தா சீரியல் பார்க்கிறார், கன்சோல் பழைய டிவிக்கே திரும்பிவிட்டது. அதை மாட்டிக் கொடுக்கப் போன அன்று சும்மா டிவியின் மெனுவை நோண்டினேன். பட அமைப்புகளில் "கேம்" என்று ஒன்று இருந்தது. போட்டேன். தாமதம் போய்விட்டது. டிவி படத்தை அழகாக்கச் செய்யும் வேலைகளுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும், கேம் மோடு அந்த வேலைகளை நிறுத்திவிடும், அவ்வளவுதான் விசயம். பையன் "மாமா, இத ஜனவரியிலயே பாத்திருக்கலாம்ல" என்றான். மச்சான் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

கோடை, சித்திரைத் திருவிழா

படுக்கையறையில்தான் ஏசி. ஏப்ரல் கடைசியில் லீவு விட்டதும் பிள்ளைகள் மத்தியானம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே. கன்சோலும் டிவியும் சேர்ந்து 250 வாட் பக்கம் இழுக்கும், மூன்று மணி நேரம் ஆடினால் முக்கால் யூனிட், அது பெரிய விசயமில்லை. ஏசி ஒரு மணி நேரத்துக்கே ஒரு யூனிட்டுக்கு மேல் தின்னும். 2025 கோடையில் நம் ஊர் கரண்டு கணக்கு இப்படி இருந்தது: இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, கீழே இருந்த யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து மாறியது. முந்தைய கோடையில் 490-க்குள் நின்ற வீடு 640-க்குப் போனது. 1,600 சொச்சம் வந்த பில் 3,300 சொச்சம். இரண்டு கோடை பில்லிலும் சேர்த்துக் கூடுதலில் 3,000-ஐக் கன்சோல் பேரில் எழுதினோம், மற்ற பில்களில் 1,000.

அழகர் ஆற்றில் இறங்கியது மே 12. அதற்கு முன்பே தேனியிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். வீட்டில் ஏழு பிள்ளைகள், இரண்டு கன்ட்ரோலர். யாரோ வாங்கி வந்த ஜிகர்தண்டா, அதில் ஒரு டம்ளர் முழுசாக ஒரு கன்ட்ரோலர் மேல். பாலும் நன்னாரி சர்பத்தும் ஐஸ்கிரீமும் சேர்ந்து காய்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கன்ட்ரோலரில் கட்டை விரலால் அசைக்கும் குச்சி ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டது. ஈரம் பட்டால் வாரண்டி கிடையாது. ரிப்பேருக்குக் கொடுத்ததில் 700 போனது, இரண்டு வாரம் ஓடியது, பிறகு ஆட்டத்தில் நிற்கிற ஆள் தானாக நடக்க ஆரம்பித்தான். பெரும்பாலான கன்ட்ரோலர்களில் அந்தக் குச்சிக்கு அடியில் சின்னத் தடையிப் பட்டை மேல் ஒரு முனை உரசிக்கொண்டே இருக்கும், சாதாரணமாகவே அது தேய்கிற பொருள்தான், சர்க்கரைப் பாகு போனால் கேட்கவே வேண்டாம். புதுசு வாங்க 5,800. இந்த முறை மச்சான் கைக்காசு.

கணக்குப் பார்த்த நாள்

ஆவணியில் மச்சானுடைய தங்கை பிள்ளைக்குக் காதுகுத்து. இவர் தாய்மாமன், செய்முறையைக் குறைக்க முடியாது. நம் பக்கம் அது எழுதிவைக்கிற நோட்டில் தலைமுறைக்கும் நிற்கும். முப்பதாயிரமாவது வேண்டும். சீட்டுப் பணம் எங்கே என்று பார்த்தால், ஐந்து மாதமாகச் சீட்டே கட்டவில்லை. யாரும் பெரிதாக எதுவும் வாங்கின ஞாபகமும் இல்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்தோம். மச்சான் கடையில் எழுதும் அதே மாதிரி நீள நோட்டு. கார்டு ஸ்டேட்மென்டுகள், அக்கா போனில் யுபிஐ வரலாறு, கன்சோலில் வாங்கிய பட்டியல், கரண்டு பில்கள். அப்போதுதான் இன்னொரு செலவு வெளியே வந்தது. தள்ளுபடி நேரத்தில் ஒவ்வொரு முறையும் ஓடிபி போட சலித்துப்போய் அக்கா கன்சோல் கடையின் வாலட்டில் மொத்தமாகப் பணம் ஏற்றி வைத்திருந்தாள். கார்டில் எடுத்தால் ஓடிபி கேட்கும், வாலட்டில் இருக்கும் பணத்துக்கு அது கேட்பதில்லை. ஆட்டம் வாங்கியது போக மிச்சம் கிடந்தது, பிறந்தநாளுக்கு வந்த கிஃப்ட் கார்டுகள், திருவிழாவுக்கு வந்தவர்கள் கையில் வைத்துவிட்டுப் போன காசு, எல்லாம் அந்த இலவச ஆட்டத்துக்குள் உடை, தொப்பி, துப்பாக்கிக்கு வண்ணம் என்று 89, 159, 400 ரூபாயாகப் போயிருந்தது. மொத்தம் 6,870. பையன் திருடவில்லை, பொய்யும் சொல்லவில்லை, கேட்டால் அப்படியே ஒப்புக்கொண்டான். அவனுக்கு அது காசாகவே தெரியவில்லை. ஆட்டத்துக்குள் ரூபாய் என்று எழுதியிருக்காது, அவர்கள் நாணயம் என்றுதான் இருக்கும். கணக்கு தொடங்கும்போது பிறந்த வருசத்தை மாற்றிப் பெரியவன் என்று போட்டிருந்தான், அதனால் பிள்ளைகள் கணக்குக்கு வைக்கக்கூடிய செலவு வரம்பும் அவனுக்கு இல்லை.

நோட்டில் வந்தது இது. கன்சோல் 40,000. மேல் செலவு, டிவியைச் சேர்க்காமல்: இஎம்ஐ கட்டணம் 650, ஸ்டெபிலைசர் 2,600, இரண்டாவது கன்ட்ரோலர் 5,800, சார்ஜ் ஸ்டாண்டும் கேபிளும் 1,100, ஹார்ட் டிஸ்க் 4,300, ஆட்டங்கள் 13,400, பத்து மாதச் சந்தா 4,990, ஒன்பது மாத நெட் கூடுதல் 3,186, ஆட்டத்துக்குள் வாங்கியது 6,870, ஹெட்செட் 2,300, ஜிகர்தண்டா 6,500, கரண்டு 4,000. கூட்டினால் 55,696. மொத்தம் 95,696. டிவி 27,500-ஐ எங்கே எழுதுவது என்பதில் அக்காவுக்கும் எனக்கும் சண்டை. பழசு எப்படியும் போயிருக்கும், அது கன்சோல் செலவில்லை என்கிறாள் அவள். பாதியாவது எழுது என்கிறேன் நான்.

கூட்டுத்தொகையை விட என்னை உறுத்தியது அதற்கு இடது பக்கம் மச்சான் எழுதிய "யார் கொடுத்தது" என்கிற பத்திதான். மச்சான் கார்டு, மச்சான் கைக்காசு, அக்கா கார்டு, அக்கா யுபிஐ, என் பணம், அப்பத்தா சுருக்குப்பை, பையனுக்கு வந்த அன்பளிப்பு. ஒரே பொருளுக்கு ஏழு பையிலிருந்து போயிருக்கிறது. ஒவ்வொரு பைக்கும் அது சின்னச் செலவு. என் பத்தாயிரத்தை நான் அன்பளிப்பு என்று நினைத்தேன், அக்காவுக்கு அது கணக்கிலேயே இல்லை. ஊருக்கெல்லாம் பேரேடு எழுதுகிற மனிதர் வீட்டிலேயே இது நடந்ததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அன்று எடுத்த முடிவுகள்

விற்றுவிடலாம் என்று மச்சான் முதலில் சொன்னார். விசாரித்ததில் இருபதாயிரம் சொச்சத்துக்குத்தான் கேட்டார்கள், வாங்கிய ஆட்டங்கள் கணக்கோடு ஒட்டியவை, அவற்றுக்குப் பத்துப் பைசா வராது. அக்காவும் ஒரு காரணம் சொன்னாள்: பொண்ணும் பையனும் சேர்ந்து சண்டையில்லாமல் செய்கிற ஒரே காரியம் அந்த வீடு கட்டும் ஆட்டம்தான். வைத்துக்கொள்வது என்று முடிவானது.

சந்தாவை அன்றே நிறுத்தினார்கள். கன்சோல் காட்டிய நேரக் கணக்கு அதற்கு உதவியது. நவம்பரில் நாளுக்கு மூன்று மணி நேரம், பிப்ரவரி மார்ச்சில் முக்கால் மணி, மே மாதம் நாலைத் தாண்டியது, ஜூலையில் ஒரு மணிக்கும் கீழ். ஆட்டம் குறைந்த மாதங்களிலும் 499 குறையாமல் போயிருந்தது. நெட் பழைய 30-க்கே திரும்பியது. பையனுக்குச் சரியான வயதில் புதுக் கணக்கு, மாதம் 300 ரூபாய் வரம்பு, வாங்கும்போதெல்லாம் அக்காவின் பாஸ்வேர்டு. கார்டு விவரத்தைக் கன்சோலிலிருந்து எடுத்துவிட்டு, தேவைப்படும்போது கிஃப்ட் கார்டு மட்டும் வாங்குவது. மத்தியானம் ஏசி போட்டு ஆடக்கூடாது என்று அப்பத்தா ஒரு விதி சேர்த்தார், அதைக் காவல் காப்பதும் அவர்தான்.

வயது விசயத்தில் ஒரு இழப்பு வந்தது. புதுக் கணக்குக்கு மாறியதும் பழைய கணக்கில் வாங்கிய உடைகளும் ஆடிச் சேர்த்த நிலைகளும் அந்தக் கணக்கிலேயே நின்றுவிட்டன. பையன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. முதல் நாளே சரியாகத் தொடங்கியிருந்தால் இது வந்திருக்காது.

பிறகு

செய்முறைக்கு மச்சான் தன் முதலாளியிடம் முன்பணம் வாங்கினார். செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் கன்சோல் செலவு கிஃப்ட் கார்டு 600, கரண்டு சுமார் 250. சீட்டு மறுபடி ஆரம்பித்துவிட்டது. நெட் வேகம் குறைந்தது பற்றி அக்கா மட்டும் இரண்டு முறை முணுமுணுத்தாள், பிள்ளைகள் கவனித்த மாதிரியே தெரியவில்லை. பையன் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கேமிங் கடைக்கும் போகிறான், கூட்டாளிகள் அங்கேதான் இருக்கிறார்களாம். மச்சானின் முதல் கணக்கில் இப்படி ஒரு வரியே இல்லை.

இன்று முதலிலிருந்து வாங்குவதாக இருந்தால்

டிஸ்க் மாடல் வாங்கச் சொல்வேனா? கணக்கு இழுபறிதான். பத்தாயிரம் கூடக் கொடுத்து, அதே நாலு ஆட்டத்தைப் பழைய டிஸ்க்காக ஏழாயிரத்துக்கு வாங்கி, ஆடி முடித்து நாலாயிரத்துக்கு விற்றால் ஆட்டச் செலவு மூவாயிரத்தில் நின்றிருக்கும். இங்கே போனது 13,400. ஆக அந்தப் பத்தாயிரம் முதல் வருடத்திலேயே திரும்பியிருக்கும். ஆனால் விற்பதற்கு யாராவது மெனக்கெட வேண்டும், இந்த வீட்டில் யார் மெனக்கெடுவார்கள் என்று எனக்குச் சந்தேகம். வருடத்துக்கு ஒரு ஆட்டம்தான் வாங்குவோம் என்கிறவர்களுக்கு டிஜிட்டலே போதும்.

மற்றவற்றில் எனக்குத் தயக்கமில்லை. இரண்டாவது கன்ட்ரோலர், முதல் இரண்டு ஆட்டம், இவற்றைக் கன்சோலின் விலையோடு சேர்த்தே கூட்டிப் பார்த்திருப்பேன், அறுபதாயிரம் கையில் இருந்தால் மட்டும் கடைக்குப் போவது. டிவி, நெட், ஹார்ட் டிஸ்க் எதையும் முதல் மூன்று மாதம் தொடக்கூடாது. பிள்ளைகள் கணக்கைப் பெரியவர் உட்கார்ந்து தொடங்க வேண்டும். அன்பளிப்பாக வருவது உட்பட எல்லாம் ஒரே நோட்டில் ஏற வேண்டும், தாய்மாமன் கொடுத்தாலும்.

அந்த நோட்டு இப்போது டிவி ஸ்டாண்டில் ஸ்டெபிலைசருக்கு மேல் கிடக்கிறது. 2025 தீபாவளிக்குப் போயிருந்தபோது புரட்டினேன். கடைசி வரி "கிஃப்ட் கார்டு 300", பையன் கையெழுத்து. மேலே ஒரு இடத்தில் "டிவி" என்று எழுதி, எதிரே தொகை போடாமல் அக்கா கோடு மட்டும் இழுத்து வைத்திருக்கிறாள்.